யாருக்கு மாத்திரை?

பெரம்பூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் ஃபார்மசிஸ்டாக வேலை பார்க்கிறேன். கவுன்ட்டருக்கு யார் வந்து எதைக் கேட்டாலும் என் முதல் கேள்வி "யாருக்கு?" என்பதுதான். அப்புறம் வயசு என்ன, பெண் என்றால் மாசமாக இருக்கிறாரா, பால் கொடுக்கிறாரா, வேறு என்னென்ன மாத்திரை ஓடுகிறது என்று கேட்பேன். சிலருக்கு இது பிடிக்காது. "ஒரு ஜுர மாத்திரைக்கு இவ்ளோ விசாரணையாக்கா?" என்பார்கள். இருந்தாலும் கேட்பேன். ஏன் கேட்கிறேன் என்பதைக் கூட்ட நேரத்தில் கவுன்ட்டரில் நின்று முழுதாகச் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மழைக்காலம் வந்தால் எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். போன கார்த்திகையில் ஒருவர் வந்து "நாலு செட்டு குடுங்க" என்றார். செட்டு என்றால் காய்ச்சலுக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, வயிறு எரியாமல் இருக்க ஒன்று என்று பிரித்துச் சின்னக் காகித உறையில் போட்டுத் தருவது. யாருக்கு என்று கேட்டேன். அவருக்கு, அவருடைய அம்மாவுக்கு, ஆறு மாதக் கர்ப்பிணியான மனைவிக்கு, மூன்று வயது மகனுக்கு. "பையனுக்குப் பாதிப் பாதியா உடைச்சுக் குடுத்துக்கறேன்" என்றார். ஒரே வீடு, ஒரே காய்ச்சல், அவர் அப்படி நினைத்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்த ஒரே செட்டு நாலு உடம்புக்குள் போய் நாலு விதமாக நடந்துகொள்ளும். டெங்கு இருக்குமோ என்ற சந்தேகம் இருக்கும் காலத்தில் டைக்லோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை அவருக்கே ஆகாது, ரத்தக் கசிவு ஆபத்தைக் கூட்டும். மற்ற மூவருக்கும் இன்னும் பல காரணங்கள் உண்டு.

அவருடைய அம்மாவை எனக்குத் தெரியும். வயது 76, ஒல்லியான உடம்பு, எடை 48 கிலோ. என்னைக் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். பிரஷருக்கு டெல்மிசார்டானும் நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்த ஒரே மாத்திரை தினமும் சாப்பிடுகிறார். மூட்டு வலி வந்தால் யாரிடமாவது வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்வதற்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். வலி மாத்திரை உள்ளே வரும் குழாயைச் சுருக்குகிறது. டெல்மிசார்டான் வெளியே போகும் குழாயை விரிக்கிறது. நீர் மாத்திரை உடம்பில் ஓடும் நீரையே குறைக்கிறது. வடிகட்டத் தேவையான அழுத்தம் இறங்கிவிடும். காய்ச்சலில் சரியாகத் தண்ணீர் குடிக்காமல் படுத்திருக்கும் வயதானவருக்கு இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் படுத்துவிட இது போதும்.

"கிட்னி டெஸ்ட் எடுத்தோம், நார்மல்னு வந்துச்சு" என்று ரிப்போர்ட்டைக் காட்டுவார்கள். அதில் கிரியேட்டினின் 1.1 என்று இருக்கும். இந்த எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது சரியில்லை. கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. வயதாக ஆகத் தசை கரைகிறது, கழிவும் குறைவாகவே உண்டாகிறது. அதனால் சிறுநீரகம் பாதி வேலைதான் செய்தாலும் எண் அழகாக நிற்கும். சிறுநீரகம் உண்மையில் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணிக்க 1976-ல் காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் கொடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72 மடங்காக்கி அதால் வகுக்க வேண்டும். பெண் என்றால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். முப்பது வயது, 70 கிலோ எடையுள்ள ஆணுக்குக் கிரியேட்டினின் 1.1 என்றால் நிமிடத்துக்கு 97 மில்லி வருகிறது. இந்த அம்மாவுக்கும் அதே 1.1 என்று வைத்துப் போட்டால் 33. அதே 1.1, ஆனால் வடிகட்டும் திறன் மூன்றில் ஒரு பங்கு. சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்தெல்லாம் அவர் உடம்பில் தங்கித் தங்கிச் சேரும். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின்கூட இந்தத் திறன் 30-க்குக் கீழே போனால் கூடாது. பத்து வருடத்துக்கு முன்னால் எழுதிய அளவு இன்றைக்கும் பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்வது இதனால்தான்.

சளி மாத்திரைக்கு வருகிறேன். குளோர்ஃபெனிரமின் மாதிரியான பழைய வகை மருந்து, வாலிபருக்கு ஒரு ராத்திரி நல்ல தூக்கம் தருவதோடு சரி. வயதானவர்களுக்கு அது மூளையில் நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலினைத் தடுக்கிறது. வாய் காய்கிறது, மலம் கட்டுகிறது, தலை கிறங்குகிறது. புராஸ்டேட் வீங்கிய தாத்தாக்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்கிறது. "நேத்து ராத்திரியிலிருந்து அப்பா ஒரு மாதிரி பேசறாரு, என்னையே யாருன்னு கேக்கறாரு" என்று பதறிக்கொண்டு வருகிறவர்களிடம், புதிதாக ஏதாவது மாத்திரை கொடுத்தீர்களா என்று கேட்பேன். பல சமயம் சளி மாத்திரை, இல்லாவிட்டால் தூக்க மாத்திரை. வயதானவர் திடீரென்று குழம்பினால் மறதி நோய் என்று முடிவு கட்டாமல், அவர் சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும்.

தூக்க மாத்திரையைப் பற்றி நான் கண்டிப்பாகவே இருக்கிறேன். வயதாகும்போது உடம்பில் நீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. டயசிபாம் கொழுப்பில் போய் உட்காரும் மருந்து. இருபது வயதில் அதன் அளவு பாதியாகக் குறைய சுமார் 20 மணி நேரம் ஆகும். எண்பது வயதில் சுமார் 90 மணி நேரம். தினமும் ஒன்று போட்டால் பழைய மாத்திரை போவதற்குள் புதியது வந்து சேர்கிறது. விடியற்காலையில் பாத்ரூமுக்கு எழுந்து, தடுமாறி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இப்படி முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளை மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1991-ல் பட்டியல் போட்டார். அவர் பெயரிலேயே அந்தப் பட்டியல் இன்றுவரை புதுப்பிக்கப்படுகிறது. சர்க்கரைக்குக் கொடுக்கும் கிளிபென்கிளமைடு அதில் இருக்கிறது. விலை குறைவு, வேலையும் செய்யும், ஆனால் ரொம்ப நேரம் நிற்கும். வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் பாட்டி காலை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கும். விரதம் இருப்பவர்களா என்று கேட்பது என் வழக்கமான கேள்விகளில் ஒன்று.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-ல் வந்த பிறகு பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நடக்க முடியாத எத்தனையோ பேருக்கு அது பெரிய உதவி, மாத்திரை கொண்டுவரும் அந்தச் சகோதரிகளை நான் மனதார வாழ்த்துகிறேன். அதே பெரியவர் மகன் வீட்டுக்குப் போகும்போது தனியார் டாக்டரிடமும் காட்டுவார். அவர் வேறு கம்பெனிப் பெயரில் ஒரு மாத்திரை எழுதுவார். இரண்டிலும் இருப்பது அம்லோடிபின் என்ற ஒரே பிரஷர் மருந்து. பெயரும் நிறமும் வேறாக இருப்பதால் இரண்டும் சேர்ந்து உள்ளே போகின்றன. கால் வீங்குகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது. அட்டையின் பின்னால் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. போனில் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் எந்த டாக்டரிடமும் காட்டலாம். இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் நம் சென்னை ஜி.ஹெச்.-ல் இருந்த டாக்டர் வி.எஸ். நடராஜன். இப்போது கிண்டியில் தேசிய முதியோர் நல மையமும் இருக்கிறது. நாலு டாக்டர் எழுதிய பதினைந்து மாத்திரையை ஒருவர் உட்கார்ந்து மொத்தமாகப் பார்த்துக் குறைக்க வேண்டும் என்றால் அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அனுப்புகிறேன்.

சரி, நாலு செட்டு கேட்ட அந்த மனிதரின் மனைவிக்கு வருகிறேன். அவருக்குக் காய்ச்சல் 102. ஆனால் பாராசிட்டமால் போட மாட்டேன் என்று அடம் பிடித்திருக்கிறார். 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் அதிபரே மேடையில் நின்று, கர்ப்பிணிகள் பாராசிட்டமால் சாப்பிட்டால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் என்கிற மாதிரிப் பேசியது வாட்ஸ்அப்பில் சுற்றிப் பெரம்பூர் வரைக்கும் வந்துவிட்டது. ஸ்வீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளை வைத்து 2024-ல் வெளிவந்த ஆய்வு இருக்கிறது. ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளை, ஒரு கர்ப்பத்தில் பாராசிட்டமால் சாப்பிட்டு இன்னொரு கர்ப்பத்தில் சாப்பிடாத தாய்மாரின் பிள்ளைகளை, ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆட்டிசத்தோடு தொடர்பு தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனமும் அந்தப் பேச்சை ஏற்கவில்லை. கொதிக்கும் காய்ச்சலை அப்படியே விடுவதுதான் தாய்க்கும் கருவுக்கும் கெடுதல். தேவைப்படும்போது, தேவையான அளவு, தேவைப்படும் நாள் மட்டும் பாராசிட்டமால். ஆறு மாதக் கர்ப்பிணிக்கு 102 காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டரையும் பார்க்க வேண்டும். அவரிடமே போனில் பேசி இதைச் சொன்னேன்.

செட்டில் இருக்கும் வலி மாத்திரை அவருக்கு வேறு காரணத்துக்காக ஆகாது. பாதிக் கர்ப்பம் தாண்டிய பிறகு பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். வலி மாத்திரை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்தால் நீர் வற்றும். 20 வாரத்துக்கு மேல் இந்த வகையைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துத் துறை 2020 அக்டோபரில் எச்சரித்தது. கடைசி மூன்று மாதத்தில் குழந்தையின் இதயத்தருகே பிறந்த பின்பு மூட வேண்டிய ரத்தக் குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளும் ஆபத்தும் சேர்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆஸ்பிரினை டாக்டர் 75 அல்லது 150 மில்லிகிராம் எழுதிக் கொடுத்திருந்தால் அது கர்ப்பகால ரத்த அழுத்தம் முற்றாமல் இருக்க. கூகுளில் பார்த்துப் பயந்து அதை நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும்.

"முழுகாம இருக்கறப்ப மாத்திரையே தொடக் கூடாது" என்பது என் அம்மாவின் கட்சி. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. மேற்கு ஜெர்மனியில் 1957-ல் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, மசக்கை வாந்திக்கு நல்லது என்று கொடுக்கப்பட்டு, 1961 நவம்பரில் திரும்பப் பெறப்படுவதற்குள் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்தன. அதற்குப் பிறகுதான் கருவுக்குப் பாதுகாப்பா என்று சோதிக்கும் பழக்கமே உறுதியானது. பருவுக்குப் போடும் ஐசோட்ரெட்டினாயின், பிரஷருக்கு எனலாப்ரில், டெல்மிசார்டான் வகை, வலிப்புக்கு வால்புரோயேட் என்று உண்மையிலேயே கருவைத் தாக்கும் மருந்துகள் இன்றும் நம் அலமாரியில் இருக்கின்றன. வால்புரோயேட் சாப்பிடும் தாய்மாரின் குழந்தைகளில் சுமார் 10 சதவீதத்துக்குப் பிறவிக் குறை வருகிறது. ஆனால் உண்டாகியிருப்பது தெரிந்த அன்றே வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்துவது அதைவிடப் பயங்கரம். வலிப்பு வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. கல்யாணம் நிச்சயமாகும்போதே, குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் பேசி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பெண் பார்க்கும் பேச்சில் வலிப்பை மறைக்கும் குடும்பங்களில் இந்தப் பேச்சு நடப்பதே இல்லை. அதைச் சகிக்க முடியவில்லை.

அம்மாவை மாற்றியது என் தங்கையின் கர்ப்பம். அவளுக்குத் தைராய்டு குறைவு, 50 மைக்ரோகிராம் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. நாள் தள்ளிப்போனது உறுதியானதும் டாக்டர் 75 ஆக்கினார். வீட்டில் ஒரே ரகளை. குறைக்க வேண்டிய நேரத்தில் கூட்டுகிறாரே என்று அம்மா டாக்டரையே மாற்றச் சொன்னாள். நான் உட்கார்ந்து விளக்கினேன். முதல் சில மாதங்கள் குழந்தைக்குச் சொந்தமாகத் தைராய்டு சுரப்பு கிடையாது, அதன் மூளை வளர்ச்சிக்குத் தாயிடமிருந்துதான் போக வேண்டும். அதோடு கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது, சிறுநீரகம் வழக்கத்தைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு வடிகட்டுகிறது, ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதமும் கூடுகிறது. பழைய அளவு போதாது. லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மாத்திரைக்கும் இதே கதை, கர்ப்பத்தில் ரத்தத்தில் அதன் அளவு வெகுவாக இறங்கும், டாக்டர் கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். பாட்டிக்குச் சேர்ந்துகொண்டே போவதும் பேத்திக்கு வேகமாகக் கரைந்துபோவதும் ஒரே மாதிரி மாத்திரையாக இருக்கலாம்.

தங்கைக்கு நேரம் பிரித்துக் கொடுப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம், தைராய்டு மூன்றையும் அம்மா காலையில் ஒரே கிண்ணத்தில் வைத்துவிடுவாள். இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், நாலு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பும் கால்சியமும் ஒன்றுக்கொன்றும் ஆகாது. ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு, பதினொரு மணிக்குக் கால்சியம், பிற்பகலில் எலுமிச்சை ஜூஸோடு இரும்பு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் மறுபடி கால்சியம் என்று ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டினேன். காபியை இரும்பு மாத்திரைக்குப் பக்கத்தில் வரவிடவில்லை.

மசக்கைக்கு அவளுக்கு எழுதியது டாக்ஸிலமினும் பி6-ம் சேர்ந்த மாத்திரை. இதற்கு ஒரு வரலாறு உண்டு. வழக்குகளுக்குப் பயந்து 1983-ல் அமெரிக்காவில் விற்பனையை நிறுத்தினார்கள். பல ஆய்வுகள் கெடுதல் இல்லை என்று காட்டிய பிறகு 2013-ல் அதே கலவை அங்கே திரும்ப வந்தது. கர்ப்பிணிக்கு நம்பிக் கொடுக்கும் அந்த டாக்ஸிலமின், பியர்ஸ் பட்டியலில் முதியோர் தவிர்க்க வேண்டிய பழைய சளி மருந்துகளின் கூட்டத்தில் இருக்கிறது. தங்கைக்கு மீந்த மாத்திரையைத் "தூக்கம் நல்லா வருதாமே" என்று எங்கள் பெரியம்மா எடுத்துவைத்திருந்தார். வாங்கிவந்துவிட்டேன்.

மூன்று வயதுப் பையனுக்குச் செட்டை உடைத்துக் கொடுக்கவே கூடாது. குழந்தைக்கு அளவு வயதைவிட எடையைப் பார்த்துத்தான், பாராசிட்டமால் என்றால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. பத்துக் கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், அதனால் ஒன்றரை மில்லி. 5 மில்லியில் 125 இருக்கும் சிரப்பில் 6 மில்லி. 250 இருக்கும் சிரப்பில் 3 மில்லி. சிரப்புக்குச் சொன்ன 6 மில்லியைச் சொட்டு மருந்தில் ஊற்றினால் நாலு மடங்கு உள்ளே போகும். பாட்டிலை மாற்றினால் அளவையும் மாற்ற வேண்டும், அந்தந்தப் பாட்டிலோடு வரும் அளவுக் கோப்பை அல்லது சொட்டுக் குழாயால்தான் அளக்க வேண்டும். குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி சிரப் நாலு வயதுக்குக் கீழே கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. நிமெசுலைடு என்ற வலி மருந்துக்கு 12 வயதுக்குக் கீழே 2011 முதல் தடை. ஜுரத்துக்கு ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

அன்றைக்கு அந்த மனிதர் பாராசிட்டமால் அட்டையும் 250 சிரப் ஒன்றும் மட்டும் வாங்கிக்கொண்டு போனார். சிரப் அட்டைப்பெட்டியின் மேல் பையனின் எடையும் மில்லி அளவும் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் வீட்டோடு ரத்தப் பரிசோதனைக்குப் போனார்கள்.

அதே மனைவிக்குக் கடைசி மாதத்தில் பிரஷர் ஏறியது. மாமியாருடைய டெல்மிசார்டானைப் பார்த்து "இதையே போட்டுக்கவா?" என்று கேட்டுப் போன் செய்தார். வேண்டவே வேண்டாம், அது குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் வகை, அதன் பங்காளி எனலாப்ரிலும் அப்படித்தான், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். அங்கே லாபெட்டலால் என்ற வேறு வகைப் பிரஷர் மருந்து கொடுத்துப் பிரசவம் வரை பார்த்துக்கொண்டார்கள்.

குழந்தை பிறந்து ஒரு வாரத்தில் அவர் கணவர் சீட்டோடு வந்து நின்றார். அதில் எனலாப்ரில். "நீங்க வேணாம்னு சொன்னது தானேக்கா?" என்று சந்தேகத்தோடு கேட்டார். அவர் ஞாபகம் வைத்துக் கேட்டது எனக்கு அவ்வளவு சந்தோஷம். வயிற்றுக்குள் இருந்தபோது மருந்து தொப்புள்கொடி வழியாக நேராகக் குழந்தைக்குப் போகும், பாலில் எனலாப்ரில் மிக மிகக் கொஞ்சமே இறங்கும், அதனால் பிரசவத்துக்குப் பிறகு இதை எழுதுவது வழக்கம்தான் என்றேன். குறைமாதக் குழந்தை என்றால் மட்டும் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று சொல்லி, எத்தனை வாரத்தில் பிறந்தது என்று கேட்டேன். முப்பத்தெட்டு முடிந்து, இரண்டே முக்கால் கிலோ, பெண் குழந்தை என்றார். அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.